மருமோன், வண்டில் ஆருக்கு வாங்கிறாய்?

வா மருமோன், இரு. உன்ரை மனுசி போனிலை சொன்னவள், கொஞ்ச நாளா நீ நித்திரையில்லாமல் சாமத்திலையும் போனைத் தடவுறாய் எண்டு. நான் வேறை ஏதோ சங்கதியாக்கும் எண்டு பயந்துபோனன். பாத்தால், பிள்ளையளை ஸ்னோவிலை இழுத்துக்கொண்டு ஸ்கீ ஓடுறதுக்கு வண்டில் தேடுறாயாம். இழுக்கப்போற மாடே வண்டிலுக்கு விலை பேசிற காலம் வந்திட்டுது. நல்லது, நல்லது.

எனக்கென்ன தெரியும்? ஃபின்மார்க்கிலை மீன் பக்டரியிலை மீன் வெட்டின கிழவன். ஆனா நோர்வேக்காரன் பிள்ளை இழுக்கிற வடிவை அண்டையிலை இருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

பிர்கபைனர் படம் பாத்திருப்பாய். 1869-லை க்னூட் பெர்க்ஸ்லியன் கீறினது. கதை 1206-லை நடந்தது. உள்நாட்டுச் சண்டைக்குள்ளை, ரெண்டு வயசும் நிரம்பாத ஹோக்கன் எண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பிர்கபைனர் வீரர் லில்லஹம்மரிலை இருந்து மலை தாண்டி ஓடினவங்கள். பிள்ளை பேந்து ராசாவானது. அவங்களிட்டை சஸ்பென்சனும் இல்லை, கோப்பிக் கப் வைக்கிற வளையமும் இல்லை. அந்த நினைவா 1932-லை தொடங்கின ஸ்கீப் பந்தயத்திலை, ஓடுறவை பிள்ளைக்குப் பதிலா 3.5 கிலோ பை சுமக்கவேணும். ஒண்டரை வயசு ராசகுமாரன் 3.5 கிலோவாம்! தாய்க்காரி பால் குடுக்கேல்லையோ? உன்ரை மூத்தவளை ஒருக்காத் தூக்கிப் பாத்திட்டு அந்தப் பந்தயக்காரரோடை கதை.

தூக்கிறது எண்ட உடனை ஞாபகம் வருது. முதுகிலை கட்டிக்கொண்டு ஓடினால் காசு மிச்சம் எண்டு உன்ரை சினேகிதன் ஆரோ சொன்னவனாம். அவனுக்குப் பிள்ளை இருக்கோ? நீ விழுந்தால் பிள்ளையும் உன்ரை உயரத்திலை இருந்துதான் விழும். நீ விழமாட்டாய் எண்டு உன்ரை மனுசி நம்பினாலும் நான் நம்பமாட்டன். அதுக்கும் மேலை, பட்டி துடையை இறுக்கும், கால் தொங்கும், ரத்தம் ஓடாது, பாதம் விறைச்சுப்போகும். அந்தக் கதையை இதோடை விடு.

மிச்சம் ரெண்டு வகை. ஒண்டு புல்க். ஸ்னோவோடை ஒட்டிக்கொண்டு போற தட்டையான சறுக்குத் தொட்டி. பிள்ளை உள்ளுக்குச் சாஞ்சு கிடக்கும், முன்னாலை காத்துமறைப்பு. மற்றது, சைக்கிளுக்குப் பின்னாலை கொழுவிற பிள்ளை வண்டில். சில்லைக் கழட்டிப்போட்டு ஸ்கீ பூட்டிறது. தூலி கொம்பனியின்ரை சாரியட் எண்டு எல்லாரும் வைச்சிருக்கினமே, அது. கனடாவிலை கல்கரியிலை பிறந்த சாமான். அதைச் செய்த கொம்பனியை 2011-லை தூலி வாங்கினது.

எது நல்லது எண்டு கேக்கிறாய். நீ எங்கை ஓடப்போறாய் எண்டு முதல்ல சொல்லு. சொங்ஸ்வான் குளத்தைச் சுத்தி, மெசின் அழுத்திவிட்ட தடத்திலை ஓடுறதெண்டால் சாரியட் வழுக்கிக்கொண்டு வரும். பிள்ளை நிமிந்து இருந்து விடுப்புப் பாக்கும். ஸ்னோ கரைஞ்சால் திருப்பிச் சில்லைப் பூட்டிச் சைக்கிளிலை கொழுவலாம், கடைக்கும் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனா ஆள் உயரம். சரிவிலை குறுக்கை போனால், இல்லாட்டில் ஒரு பக்கம் புது ஸ்னோவுக்குள்ளை புதைஞ்சால், சரியப் பாக்கும். ரெட்டை இருக்கையிலை ஒரு பக்கம் மூத்தவள், மற்றப் பக்கம் சின்னவன் எண்டால், அது தராசு மாதிரி எந்தப் பக்கம் சாயும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. புல்க் அப்பிடியில்லை. மலையிலை, தடமில்லாத இடத்திலை, ஆழ ஸ்னோவிலை அதுதான் ராசா. கவிழ்க்கிறதுக்கே கெட்டித்தனம் வேணும். ஆனா ஸ்னோ போனாப் பிறகு அதை என்ன செய்வாய்? பல்கனியிலை வைச்சுக் கறிவேப்பிலை நடலாம், இந்தக் குளிருக்கு அதுவும் வராது.

இனி முக்கியமான சங்கதி, நீ போனிலை தடவின வண்டில் படங்களிலை பாக்காத சங்கதி: இழுக்கிற தடி. கயிறு கட்டி இழுக்கலாந்தானே எண்டு யோசிக்காதை. ஏத்தத்திலை கயிறு உனக்குப் பின்னாலை நல்ல பிள்ளையா வரும். இறக்கத்திலை, நீ பிரேக் பிடிச்சாலும் அது பிடிக்காது. உன்ரை குதிக்காலை அடிச்சு, உன்னையும் விழுத்தி, பிள்ளையையும் கொண்டு முன்னாலை போகும். ரெண்டு பக்கமும் விறைப்பான தடி, இடுப்பிலை அகலப் பட்டி. அதுதான் கணக்கு. பட்டி வயித்திலை இல்லை, இடுப்பு எலும்பிலை இருக்கவேணும். உன்ரை வயித்தைப் பாத்தால் எலும்பைத் தேடித்தான் பிடிக்கவேணும், பரவாயில்லை. தடியின்ரை நீளத்தையும் பார். கால் பின்னாலை போகேக்கை ஸ்கீயின்ரை வால் வண்டிலிலை தட்டக்கூடாது. கடையிலை நிண்டு பாத்தால் உது விளங்காது, பட்டியைக் கட்டி நாலு எட்டு வைச்சுப் பாக்கவேணும். சேல்ஸ்மன் சிரிச்சால் சிரிக்கட்டும்.

இறக்கம் செங்குத்தெண்டால், வண்டிலுக்குப் பின்னாலை ஒரு கயிறு கட்டி உன்ரை மனுசியின்ரை கையிலை குடு. கலியாணம் கட்டின நாளிலை இருந்து அவள் செய்யிற வேலைதானே, பின்னாலை நிண்டு பிரேக் பிடிக்கிறது. தனிய எண்டால் அந்த இறக்கத்துக்குப் போகாதை, இல்லாட்டில் ஸ்கீயைக் கழட்டிப்போட்டு நட. ஆரும் பாத்துச் சிரிக்கமாட்டினம். ஊருக்குள்ளை பக்கத்துக் கதவுக்காரனுக்கே முகம் குடுக்காத நோர்வேக்காரன், காட்டுக்குள்ளை கண்டால் ‘ஹை ஹை’ எண்டு சொல்லிப்போட்டுப் போவான், அவ்வளவுதான்.

இப்ப குளிருக்கு வாறன். உனக்கும் உன்ரை சாமானுக்கும் இஞ்சைதான் பிழைக்கும். நீ இழுக்கிறாய், வேர்க்குது, ஜக்கெட்டைத் திறக்கிறாய், ‘இண்டைக்கு என்ன வடிவான நாள்’ எண்டு பாட்டும் வருது. உள்ளுக்கு இருக்கிறது அசையாமல் கிடக்குது. அசையாத உடம்பிலை சூடு குறைவாத்தான் பிறக்கும். நீ ஓடுற வேகம் வேறை அதுக்கு எதிர்க்காத்து. தோலோடை கம்பளி, அதுக்கு மேலை தடிச்ச கம்பளி, அதுக்கு மேலை காத்துப் புகாத உடுப்பு. பருத்தி பெனியன் போடாதை, ஈரமானால் உடம்போடை ஒட்டிக் குளிரைப் பிடிச்சு வைச்சிருக்கும். கீழை ஆட்டுத்தோலோ தடிச்ச பாயோ போடு. புல்க்கிலை குளிர் அடியிலை இருந்துதான் ஏறும். நாடாவைப் பூட்டேக்கை துடையை இறுக்காதை. மறைப்பை முழுக்க மூடி வைச்சால் மூச்சு தண்ணியாகி உடுப்பை நனைக்கும், கொஞ்சம் காத்து விடு. இடைக்கிடை நிண்டு, கையுறையைக் கழட்டிப் பிள்ளையின்ரை பிடரியைத் தொட்டுப் பார். பிடரி சூடாயும் ஈரமில்லாமலும் இருந்தால் ஓடு. குளிர்ந்தால் வீட்டை திரும்பு. மைனஸ் 10-க்குக் கீழை போனால் இந்த ஊர்த் தாய்மார் குழந்தையை வெளியிலை நித்திரையாக்கவே யோசிப்பினம். நீ என்ன துருவத்துக்குப் போன ரோல்ட் அமுண்ட்சனோ?

இன்னும் ஒண்டு. கழுத்து நிக்காத குழந்தையை ஒண்டுக்குள்ளையும் வைச்சு ஸ்கீ ஓடாதை. எத்தினை மாதத்திலை இருந்து எண்டு வண்டிலோடை வாற புத்தகத்திலை போட்டிருக்கும். அதைப் படி. ஐக்கியாக் கட்டிலைப் புத்தகம் பாக்காமல் பூட்டினாய், அந்த ஆட்டத்தை இன்னும் நான் மறக்கேல்லை.

காசுக்கு வருவம். புதுசு வாங்கினால், பிள்ளை வளந்து ‘நானே ஸ்கீ ஓடுறன்’ எண்டு இறங்கி நிக்கிற நேரம் உன்ரை கடனட்டை இன்னும் வண்டிலுக்குள்ளை இருக்கும். உதுகள் தேயிற சாமான் இல்லை. ஃபின் எண்ட விளம்பர இணையத்தளத்திலை பழசு கனக்கக் கிடக்கும். வாங்கப் போகேக்கை நிறத்தைப் பாராதை. தடி பூட்டிற இடம், கொக்கி, பட்டியின்ரை தையல், உள் நாடா, இதுகளை இழுத்துப் பார். தடியும் ஸ்கீயும் கூடவே வருதோ எண்டு கேள், சாரியட்டுக்கு அதைத் தனியா வித்துக் காசு பாப்பாங்கள். உன்ரை ஸ்கீயையும் ஒருக்காப் பார். பின்பாரம் இருந்தால், அடியிலை பிடிப்பில்லாத ஸ்கீ ஏத்தத்திலை உன்னைப் பின்னாலை கொண்டுபோகும்.

ஆனா அதுக்கும் முன்னம், இலவசமாச் சாமான் இரவல் குடுக்கிற பூஆ நிலையம் ஊரூரா இருக்குது. சில இடத்திலை புல்க்கும் வைச்சிருக்கினம். ஒரு முறை கொண்டுபோய் இழுத்துப் பார். பிள்ளை அழுதால் திருப்பிக் குடு, நீ அழுதாலும் திருப்பிக் குடு. பெப்ரவரிப் பள்ளி லீவுக்கு முன்னமே போன் அடிச்சுச் சொல்லி வை, அந்தக் கிழமை போனால் வெறும் அலுமாரியைத்தான் பாப்பாய்.