தார்சாவில் ஒரு பேக்கரி

சர்க்கரை நோய்க்காரர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அல்வாவும் தின்கிறவர்கள் முதல் வகை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அல்வாவை விட்டவர்கள் இரண்டாம் வகை. இந்த இரண்டு வகையாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தொந்தரவு கிடையாது, ஆகவே அவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. மூன்றாம் வகையார் மைதாவை விடுவார்கள், சீனியை விடுவார்கள், கேக்கை மட்டும் விடமாட்டார்கள். மைதாவும் சீனியும் இல்லாமல் கேக் சுட்டுக் காட்டுகிறேன் பார் என்று ஓ.டி.ஜி. அடுப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு உலகத்தோடு மல்லுக்கட்டுவார்கள்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். அப்படியிருக்க மூன்றாம் வகைக்கு மட்டும் பஞ்சமா வரும்? தெருவுக்கு ஒருவர் தேறுவார். திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கை இப்போது சமையல் தராசில் பாதாம் மாவை நிறுத்துக்கொண்டிருக்கிறது.

அண்ணாச்சி வீடு சைவ வீடு. அடுக்களைக்குள் முட்டை வரக்கூடாது என்பது அவர் அம்மா, எங்களுக்கு ஆச்சி, போட்ட சட்டம். இந்தக் கேக்குகளுக்கோ முட்டைதான் உயிர். மைதா மாவைச் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது குளூட்டன் என்கிற பசை. பாதாம் மாவில் அது அறவே கிடையாது. அந்த வேலையையும் முட்டையே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும் என்பதால், இரண்டு போட வேண்டிய இடத்தில் நாலு போடவேண்டி வரும். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, முட்டை வாசலை ஒட்டிய தார்சாவோடு நின்றுகொள்ள வேண்டும் என்று உடன்பாடு ஏற்பட்டு, அடுப்பும் தார்சாவுக்கே வந்து சேர்ந்தது. இதனால் தெருவில் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாச்சி கேக் சுடுவதைப் பார்க்கலாம். அண்ணாச்சியும் தெருவில் போகிறவர்கள் எல்லோரையும் பார்க்கலாம். ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது.

"வே, இங்க வாரும். ஒரு வாய் தின்னுட்டுப் போம்."

தின்றுவிட்டு "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். அவருக்கு ருசி முக்கியமில்லை. "மைதான்னே நெனச்சிருப்பீருல்லா?" என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஏமாந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தால்தான் விடுதலை. ஊரிலுள்ள மற்ற சமையல்காரர்கள் எல்லாம் இது என்ன என்று தெரிந்து பாராட்ட வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். இது என்ன என்று தெரியாமலே போக வேண்டும் என்று தவம் கிடப்பவர் இவர் ஒருவர்தான்.

பாதாம் மாவு கடையில் கிடைக்கும். விலையைப் பார்த்த மதினி அன்றே அதற்குத் தடை போட்டுவிட்டாள். ஆகவே மாவு வீட்டில்தான் தயாராகிறது. முதல்நாள் இரவு பாதாமை ஊறப்போட்டு, காலையில் தார்சாவில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து தோலுரிக்க வேண்டும். ஊறிய பாதாமை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு எதிர்வீட்டு நடையில் போய் விழும். காய்ந்த பிறகு மிக்ஸியில் விட்டு விட்டுத்தான் சுற்ற வேண்டும். கொஞ்சம் அசந்து ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டால் எண்ணெய் கக்கி மாவு வெண்ணெயாகிவிடும். அப்படி ஆன வெண்ணெய் ஒரு பாட்டில் நிறைய அலமாரியில் இருக்கிறது. அதுவும் மாவுச்சத்தைக் குறைத்த இந்த உணவுமுறையில் அனுமதிக்கப்பட்டதுதான் என்பதால் அதைத் தோல்வி என்று யாரும் சொல்லிவிட முடியாது. இந்த உலகத்தின் பெரிய வசதியே அதுதான். எது கெட்டுப்போனாலும் இன்னொரு பேரில் பிழைத்துக்கொள்ளும்.

அண்ணாச்சியின் மற்ற சரக்குகள் மருந்துக்கடையில் இருக்கின்றன. ரொட்டி, பன் வகைக்குக் குளூட்டன் இல்லாத குறையைத் தீர்ப்பது இசப்கோல் உமி. தண்ணீரை உறிஞ்சி வழுவழுவென்று ஆகி மாவைப் பிணைத்துவிடும். தமிழ்நாட்டில் அந்தப் பொட்டலத்தை எதற்கு வாங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மாதம் நாலு பொட்டலம் வாங்குகிற மனிதரை மருந்துக்கடைப் பையன் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிருங்களேன்" என்று அனுதாபத்தோடு சொல்லியிருக்கிறான். "பன்னு சுடுததுக்குப்பா" என்று இவர் சொன்ன பதில் அவன் கவலையை இன்னும் கூட்டியிருக்கும். போதாக்குறைக்கு, சில இசப்கோல் ரொட்டி வெந்ததும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும். அண்ணாச்சிக்கு அப்படி ஒரு பன் அமைந்தபோது, நிறத்தைப் பார்த்து ஆச்சி திருநீறு பூசிக்கொண்டாள்.

இனிப்புக்கு எரித்ரிடால். பார்வைக்குச் சீனியேதான். இனிப்பில் சீனிக்கு முக்கால் பங்கு தேறும், ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் நாக்கில் கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் வாய்க்குள் ஜில்லென்று காற்றடிக்கும். எரித்ரிடால் சேர்த்த முதல் கேக்கை வாயில் போட்ட ஆச்சி (முட்டை கலக்காதது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போட்டாள்) கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "ஏலே, இதுல பல்பொடி போட்டிருக்கியா?" என்று கேட்டாள். இந்த எரித்ரிடால் பாகாகாது, பொன்னிறமாகக் கருகாது. ஆறியதும் திரும்பவும் மணல் மணலாக உறைந்து பல்லில் நெறுநெறுக்கும். "அதுதான் வே கிரஞ்ச்" என்பார் அண்ணாச்சி.

அதற்கு முன்னால் கொஞ்ச நாள் சைலிடால் போட்டுப் பார்த்தார். அப்போது ஒருநாள் எனக்குக் கொடுத்த துண்டில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை வாசலில் படுத்திருந்த நாய்க்குப் போடக் கையை ஓங்கினேன். அண்ணாச்சி பதறிப்போய் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, போட்டுராதீரும் வே! செத்துப் போயிரும்!"

"அப்போ நான், அண்ணாச்சி?"

"உமக்கு ஒண்ணும் ஆவாது. நாய்க்குத்தான்."

உண்மைதான். சைலிடால் நாய்க்கு விஷம். கொஞ்சம் போனாலே அதன் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். மனிதனுக்கு அந்த ஆபத்து இல்லை. அதிகம் தின்றால் வயிறு இளகும். இருந்தாலும் அந்த மீதிப் பாதியை அவர் கண்முன்னால் தின்று முடிப்பதற்கு எனக்குக் கொஞ்சம் மனவுறுதி தேவைப்பட்டது.

அண்ணாச்சியின் கலை உச்சத்துக்குப் போவது பேஸ்ட்ரி சுருளில்தான். அமெரிக்காவில் 2009இல் வந்த 'ஃபேட் ஹெட்' என்ற ஆவணப்படத்தின் பெயரையே இந்த மாவுக்கும் வைத்திருக்கிறார்கள். மொசரெல்லா சீஸையும் கிரீம் சீஸையும் சேர்த்து உருக்கி, பாதாம் மாவும் முட்டையும் போட்டுப் பிசைந்தால் வருகிற மாவு அது. சூடாக இருக்கும்போது கை பொறுக்காது. கை பொறுக்கட்டும் என்று காத்திருந்தால் மாவு இறுகிவிடும், மறுபடி உருக்க வேண்டும். அண்ணாச்சி கையில் நெய்யைத் தடவிக்கொண்டு, "ஸ்ஸ்… ஹா…" என்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே பிசைவார். நூல் நூலாக இழுபடும் மாவை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துச் சப்பாத்திக்கட்டையால் தேய்த்து, பட்டைத்தூளும் வெண்ணெயும் எரித்ரிடாலும் பூசி, சுருட்டி, வெட்டி அடுப்பில் வைத்ததும் தெருவெங்கும் பீட்சா மணக்கும். சிறுபிள்ளைகள் மணம் பிடித்து ஓடிவந்து பார்த்துவிட்டு, பட்டை மணக்கும் இனிப்பு பீட்சாவோடு குழம்பிப்போய்த் திரும்புவார்கள். பீட்சா என்று கொடுத்திருந்தால் ஊரே பாராட்டியிருக்கும். அது பேஸ்ட்ரியாகத்தான் இருந்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதில்தான் எல்லாம் கெட்டது.

நாள் பூராவும் இனிப்பையே நினைத்துக்கொண்டிருப்பவர் எங்கள் தெருவில் யார் என்று கேட்டால், அல்வா தின்கிறவர்களில் யாரும் இல்லை. அவர்கள் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள். அண்ணாச்சி காலை எழுந்ததும் கேக்கைப் பற்றி யோசிக்கிறார், மத்தியானம் சுடுகிறார், சாயங்காலம் விரலைக் குத்திக் குளுக்கோமீட்டரில் பார்க்கிறார், இரவு நோட்டில் குறித்து வைக்கிறார். நோட்டில் மாவுச்சத்து, நார்ச்சத்து, கழித்து வந்த நிகர மாவுச்சத்து என்று பத்திகள். மைதா 100 கிராமில் மாவுச்சத்து 75 கிராமுக்குப் பக்கம், பாதாம் மாவில் 20, அதிலும் பாதி நார். கழித்தால் பத்து. பேரேட்டைக் காட்டும் பெருமிதத்தோடு காட்டுவார். அதே 100 கிராமில் மைதாவுக்கு 350 கலோரி, பாதாம் மாவுக்கு 600 என்பதற்கு மட்டும் நோட்டில் பத்தி கிடையாது. நான் ஒருமுறை கேட்டேன். "இது வேற பட்ஜெட் வே" என்றுவிட்டார்.

தூத்துக்குடி மக்ரூனிலும் கைவைத்தார். மைதா இல்லாத பண்டம், முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும்தானே, சீனியை மட்டும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பது கணக்கு. ஆனால் அந்தக் கூம்பைக் கூம்பாக நிறுத்துவதே சீனிதான். அது கரைந்து பாகாகி முட்டை நுரையை இறுக்கிப் பிடித்தால்தான் மக்ரூன் எழும்பி நிற்கும். எரித்ரிடாலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. தட்டு நிறையப் படுத்துக்கிடந்தன. முந்திரியிலும் 100 கிராமுக்கு 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்பது பிறகுதான் நோட்டில் ஏறியது. தூத்துக்குடிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாராம்.

அண்ணாச்சிக்கு ஆதரவாகச் சேரும் ஆராய்ச்சி எல்லாம் அவர் வாயில் வேதவாக்கு. சர்க்கரையைக் கட்டுப்படுத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் ஆதாரம் அதிகம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019இல் சொன்னதைப் பால்காரருக்குக்கூட விளக்கியிருக்கிறார். லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் ரொட்டி, சீனி, பீர், உருளைக்கிழங்கை விட்டு இளைத்து, 1863இலேயே அதைச் சிறு நூலாகப் போட்ட கதையும் அவருக்கு மனப்பாடம். பான்டிங் செய்த தொழில் சவஅடக்கம். வாடிக்கையாளர்களை நீண்ட நாள் வாழச் சொல்லித் தன் தொழிலுக்கே உலை வைத்த அந்த மனிதரிடம் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 2023இல், ரத்தத்தில் எரித்ரிடால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக க்ளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள் 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதியதும், அண்ணாச்சி ஒரே இரவில் புள்ளியியல் பேராசிரியர் ஆகிவிட்டார். "ரெண்டும் சேந்து இருந்துச்சுன்னா ஒண்ணால ஒண்ணு வந்துச்சுன்னு ஆயிருமா வே? உடம்பே எரித்ரிடால் உண்டாக்கும், தெரியுமா?" அவர் கேட்டது நியாயமான கேள்விதான். தனக்கு ஆதரவான எந்த ஆய்வையும் பார்த்து இதே கேள்வியை அவர் கேட்டதில்லை என்பதுதான் நம் குறை.

சும்மா சொல்லக்கூடாது, எட்டைத் தாண்டி நின்ற ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இப்போது ஆறரைக்கு இறங்கியிருக்கிறது. கேக்கால் இறங்கியதா, மூன்று வேளைச் சோற்றை ஒரு வேளையாகக் குறைத்ததால் இறங்கியதா என்று டாக்டர் கேட்டாராம். அண்ணாச்சி அடுத்த தடவை டாக்டருக்கும் ஒரு துண்டு கொண்டுபோனார்.

இப்போது அவர் கை வைத்திருப்பது கோதுமையில். மாவைத் தண்ணீரில் கழுவி, மாவுச்சத்தை ஓட்டிவிட்டுப் பசையை மட்டும் எடுத்தால் நல்ல மெத்தென்ற பன் வரும் என்று கண்டுபிடித்திருக்கிறார். யோசித்தவருக்குத் திடீரென்று உறைத்திருக்கிறது. அல்வாக்காரர்கள் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலை மட்டும் எடுத்துக்கொண்டு சக்கையை ஒதுக்குகிறார்கள். அந்தப் பால்தான் மாவுச்சத்து. பசையெல்லாம் சக்கையோடு போகிறது. ஊர் முழுக்க இவருக்கு வேண்டாததை வைத்துக்கொண்டு, வேண்டியதை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது!

என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அல்வாக்கடைக்குப் போனார். சாயங்கால நேரம், நல்ல கூட்டம். முறை வந்ததும் தாழ்ந்த குரலில், "சக்கை இருக்குமா?" என்றார். கடைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாடு எத்தன நிக்கி அண்ணாச்சி?"

"மாட்டுக்கு இல்ல. எனக்குத்தான்."

பின்னால் நின்றவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். கடைக்காரர் அனுபவசாலி, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ஒரு கிலோ அல்வா வாங்கிக்கிடுங்க. சக்கைய சும்மாவே தாரேன்" என்றார். அண்ணாச்சி மனசுக்குள் கூட்டிக் கழிப்பது உதட்டில் தெரிந்தது. பிறகு சட்டைப்பையில் கையை விட்டார்.

"வீட்டுல பிள்ளைகளுக்கு ஆவும்லா" என்றார் என்னிடம், வாழையிலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே.

பிள்ளைகள் இரண்டும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்குத்தான் வருவார்கள்.