குதிரைக்கு ஒரு படிவம்

இடம், அமெரிக்காவின் யூட்டா மாநிலம். செம்பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில், தறுதலைப் பிள்ளைகளைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் ஓர் உறைவிடப் பண்ணை. குதிரை மேய்ப்பதும் அங்கே சிகிச்சையில் சேர்த்தி. அந்தக் குதிரைகளுக்குக் காப்பீடு எடுக்க ஓர் ஏஜென்ட் அம்மா படிவத்தோடு வந்திருக்கிறார். பண்ணையும் முதலாளியும் அந்த அம்மாவும் என் கற்பனை. பேச்சில் வரும் சட்டங்களும் சாவுகளும் அமெரிக்காவின் சொந்தச் சரக்கு.

ஏஜென்ட்: எத்தனை குதிரை சார்?

முதலாளி: ஆறு. ஒவ்வொண்ணும் தங்கம். பையனை ஒரு தடவை மோந்து பார்த்தா போதும், அவன் மனசுல இருக்கிறதைச் சொல்லிடும்.

ஏஜென்ட்: கால்நடை டாக்டர் சர்டிபிகேட்?

முதலாளி: இந்தாங்க. போன வாரம்தான் வந்தார். பல்லு, குளம்பு, சாணம் வரைக்கும் பார்த்துட்டுப் போனார்.

ஏஜென்ட்: பையன்களை யார் பார்க்கிறாங்க?

முதலாளி: ஒருத்தர் போன்ல பேசுவார். அதுவும் படிவத்துல இருக்கா?

ஏஜென்ட்: இல்ல சார், வாய் தவறிக் கேட்டுட்டேன். குதிரையைப் பராமரிக்கிறவருக்கு எத்தனை வருஷ அனுபவம்?

முதலாளி: இருபது வருஷம் லாயத்துலயே கிடந்த மனுஷன். கண்டவன் கையில குதிரையைக் கொடுக்க முடியுமா? பையன்களுக்குன்னா பிரச்சினையில்ல. ஹைஸ்கூல் முடிச்ச இளவட்டங்க இருக்காங்க. நல்ல அகலமான தோள்.

ஏஜென்ட்: குதிரைங்க இங்க வந்து சேர்ந்தது எப்படி? ராத்திரிப் பயணமா?

முதலாளி: ஐயையோ, மிரண்டுடும்மா! பகல்லதான். வழி நெடுக நிறுத்தித் தண்ணி காட்டிக் கூட்டிட்டு வந்தோம். ராத்திரி வேலை பையன்களுக்குத்தான். விடியக்காலம் நாலு மணிக்கு ரெண்டு தடியனுங்க படுக்கையறைக்குள்ள போய் விளக்கைப் போடுவாங்க. "நீயா வர்றியா, தூக்கிட்டுப் போகவா?" அவ்வளவுதான். அப்பா அம்மா கதவுக்கு வெளியே நிப்பாங்க. கையெழுத்துப் போட்டதே அவங்கதானே? கூட்டிட்டு வர்றதுக்குக் கட்டணம் தனி.

ஏஜென்ட்: கோர்ட்டு, நீதிபதி எதுவும் வேண்டாமா?

முதலாளி: 1979-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சே. பெத்தவங்க பிள்ளையை மனநல ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னா முன்கூட்டி ஒரு நீதிபதி விசாரிக்கத் தேவையில்லன்னு.

ஏஜென்ட்: அதே தீர்ப்புல, நடுநிலையான ஒருத்தர் பிள்ளையைப் பார்த்து, சேர்க்கலாமா வேண்டாமான்னு சொல்லணும்னும் இருக்கே சார்?

முதலாளி: அது ஆஸ்பத்திரிக்கு. இது ஆஸ்பத்திரியா?

ஏஜென்ட்: பின்ன என்ன?

முதலாளி: யார் கேக்கறாங்கன்னு பார்த்துதான் சொல்லணும். கல்வித் துறை கேட்டா சிகிச்சை மையம். சுகாதாரத் துறை கேட்டா முகாம். முகாமுக்கும் விதி இருக்குன்னு யாராவது கிளம்பினா, பிரார்த்தனை இல்லம். மிசௌரியில 2021 வரைக்கும் எவ்வளவு சௌகரியம் தெரியுமா? மத நிறுவனம்னு சொல்லிட்டா, இங்க ஒரு விடுதி நடக்குதுங்கிற விஷயத்தைக்கூட அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியதில்ல.

(இங்கே ஏஜென்ட் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். நானாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். ஆனால் அவருக்குக் கமிஷன் வர வேண்டும்.)

ஏஜென்ட்: குதிரை முரண்டு பிடிச்சா என்ன செய்வீங்க?

முதலாளி: தட்டிக் கொடுக்கணும். பயத்துல பண்றதை அடிச்சுத் திருத்த முடியாதும்மா.

ஏஜென்ட்: மிச்சிகன்ல, கலமசூ ஊர்ல, 2020-ல ஒரு பதினாறு வயசுப் பையன் சாண்ட்விச்சைத் தூக்கி எறிஞ்சான். தாயில்லாப் பிள்ளை, அரசாங்கக் காவல்ல இருந்தவன். ஊழியருங்க பல பேர் சேர்ந்து அவனைத் தரையில போட்டு அமுக்கினாங்க. ரெண்டு நாள்ல செத்துட்டான். கொலைன்னுதான் மருத்துவ அறிக்கை சொல்லுச்சு.

முதலாளி: இன்னிக்கு சாண்ட்விச், நாளைக்குத் தட்டு. ஒழுக்கம்னா சும்மாவா?

ஏஜென்ட்: வட கரோலினாவுல 2024 பிப்ரவரியில ஒரு பன்னெண்டு வயசுப் பையன். காட்டு முகாமுக்கு வந்த மறுநாள் காலையில, ஒரு ஆள் படுக்கிற கூடாரப் பைக்குள்ள மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தான். அவன் என்னத்தை எறிஞ்சான் சார்?

முதலாளி: ஒண்ணு ரெண்டு நடக்கிறதுதான். எல்லாரையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

ஏஜென்ட்: ஒண்ணு ரெண்டா? அரசாங்கத்தோட தணிக்கை அலுவலகம் 2007-லயே கணக்கு போட்டுச்சே. 2005-ங்கிற ஒரே வருஷத்துல, 33 மாநிலத்துல, பிள்ளைங்களைத் துன்புறுத்தின சம்பவங்கள்ல மாட்டின ஊழியருங்க 1,619 பேர்.

முதலாளி: பழைய கணக்கு.

ஏஜென்ட்: புதுசும் இருக்கு. 2024 ஜூன்ல செனட்டர் ரான் வைடனோட குழு அறிக்கை போட்டுது. பெரிய கம்பெனிங்க படுக்கையை நிரப்பி, ஆளைக் குறைச்சு, லாபம் பார்க்குதுங்க. கொடுமை அந்த வியாபார முறையிலேயே இருக்குன்னு. அந்தப் பணத்துல பெரும்பகுதி ஏழைங்களுக்கான மெடிகெய்ட் பணம், அதாவது வரிப்பணம்.

முதலாளி: அம்மா, நீங்க காப்பீடு விக்க வந்தீங்களா, கணக்கு கேக்க வந்தீங்களா? இது இன்னிக்கு நேத்து வந்த தொழில் இல்ல, பரம்பரை இருக்கு. 1958-ல கலிபோர்னியாவுல சினனான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. வட்டமா உக்கார வெச்சு, ஒருத்தனை எல்லாரும் சேர்ந்து திட்டித் தீர்த்தா புத்தி வரும்னு கண்டுபிடிச்சவங்க அவங்கதான். இன்னிக்கு வரைக்கும் பல பேர் அந்தப் பாடத்தைத்தான் நடத்தறோம்.

ஏஜென்ட்: 1978-ல, தங்களுக்கு எதிரா வழக்காடின வக்கீலோட தபால் பெட்டியில விஷப் பாம்பை விட்டாங்களே, அந்த சினனானா?

முதலாளி: கடைசிக் காலத்துல கொஞ்சம் ஓவராப் போயிட்டாங்க.

ஏஜென்ட்: சரி, படிவத்துக்கு வருவோம். குதிரைக்கு உடம்பு முடியலைன்னா எங்களுக்கு எப்போ தகவல் வரும்?

முதலாளி: உடனே! நடுராத்திரியானாலும்.

ஏஜென்ட்: பையனுக்கு முடியலைன்னா, அவனே வீட்டுக்குச் சொல்ல முடியுமா?

முதலாளி: முதல் படியில இருக்கிறவனுக்குப் போனே கிடையாது. ரெண்டாம் படிக்கு வந்தா கடுதாசி, நாங்க படிச்சுட்டுத்தான் போகும். "இங்க அடிக்கிறாங்க"ன்னு எழுதினான்னு வைங்க, அது வியாதியோட அறிகுறி. சேர்க்கிற அன்னிக்கே பெத்தவங்ககிட்ட சொல்லி வெச்சிடுவோம்: பொய் சொல்லுவான், வீட்டுக்கு வர நாடகம் போடுவான், நம்பிடாதீங்கன்னு.

ஏஜென்ட்: யூட்டாவுல அது இப்போ செல்லாதே சார்?

முதலாளி: (நெஞ்சில் கை வைத்து) அந்தக் கதையை ஏன் கேக்கறீங்க? பதினஞ்சு வருஷமா இந்த மாநிலத்துல எங்களை யாரும் சீண்டினதில்ல. டிவி பிரபலம் பாரிஸ் ஹில்டன் வந்தா. சின்ன வயசுல புரோவோ கேன்யன் ஸ்கூல்ல பதினோரு மாசம் பட்டதையெல்லாம் 2021 பிப்ரவரியில சட்டமன்றக் குழு முன்னாடி சொன்னா. மார்ச்லயே கவர்னர் கையெழுத்து! இப்போ மூணு மாசத்துக்கு ஒரு தரம் சோதனை, சில தடவை சொல்லாமக் கொள்ளாமக்கூட. பையனை அமுக்கிப் பிடிச்சா எழுதிக் கொடுக்கணும். மயக்க மருந்து ஊசியை இஷ்டத்துக்குக் குத்தக் கூடாது. வாரம் ஒரு தடவை பையன் வீட்டோட தனியா பேசணுமாம். தனியா! நாங்க கேக்கக் கூடாத அளவுக்கு என்ன ரகசியம்?

ஏஜென்ட்: அதனாலதான் விலாசத்துல ரெண்டு மாநிலம் எழுதியிருக்கீங்களா?

முதலாளி: பாதுகாப்புக்குத்தான். இங்க மூடினா அங்க திறக்கலாம். போர்டு புதுசு, லெட்டர்பேடு புதுசு, ஆளுங்க மட்டும் அதே ஆளுங்க. ஒரு மாநிலத்துல லைசென்ஸ் போனவன்னு இன்னொரு மாநிலம் என் நெத்தியைப் பார்த்தா கண்டுபிடிக்கும்?

ஏஜென்ட்: நாடு முழுக்க ஒரே சட்டம் வந்துட்டா?

முதலாளி: 2008-லயும் 2009-லயும் கீழ்ச்சபையில நிறைவேறுச்சு. செனட்டுல போய்ப் படுத்துது, எழுந்திருக்கவே இல்ல. நல்ல சபை அது.

ஏஜென்ட்: 2024 டிசம்பர்ல எழுந்துடுச்சே. கீழ்ச்சபையில 373 பேர் ஆதரவு, 33 பேர் எதிர்ப்பு. பைடன் கையெழுத்தும் போட்டாச்சு.

முதலாளி: (சிரித்து) அதுக்கு நானே கை தட்டினேன்மா. படிச்சுப் பாருங்க. தனி அறையில அடைக்காதேன்னு இருக்கா? ராத்திரி தூக்கிட்டு வராதேன்னு இருக்கா? தேசிய அறிவியல் கழகத்தை வெச்சு ஆய்வு பண்ணணும். மூணு வருஷத்துல முதல் அறிக்கை. அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னு பத்து வருஷம். இன்னிக்கு இங்க இருக்கிற பையன், ஆய்வு முடியறதுக்குள்ள அப்பனாயிடுவான்.

ஏஜென்ட்: படிவம் முடிஞ்சுது சார். குதிரைங்களுக்குப் பாலிசி தர்றோம். ஒரே ஒரு நிபந்தனை. எங்க ஆள் எந்த நேரத்துலயும் சொல்லாம வந்து லாயத்தைத் திறந்து பார்ப்பார்.

முதலாளி: தாராளமா வரட்டும். குதிரை விஷயத்துல மறைக்க என்ன இருக்கு?

பைடன் கையெழுத்திட்ட அந்தச் சட்டப்படி முதல் அறிக்கைக்குக் கெடு 2027 டிசம்பர். அதுவரைக்கும் பையன்கள் தூங்கும் அறையைத் திறந்து பார்ப்பதும் பார்க்காததும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம்.