சாய்வோர் குனிவோர் இலக்கணம்

கேம் ஆடக் கன்சோல் வாங்குபவரும், அதற்கென்றே கம்ப்யூட்டர் வாங்குபவரும் ஒருவரா, இருவரா? இது வேலையற்றோர் வினா அன்று. 2023 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஃபெடரல் நீதிமன்றமே இதை நாள்கணக்கில் கேட்டது.

மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்னும் கேம் நிறுவனத்தை வாங்கப் போக, அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குறுக்கே நின்றது. கமிஷனின் கட்சி: சந்தை என்பது ‘உயர்திறன் கன்சோல்’ மட்டுமே, அதாவது சோனியின் ப்ளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ். கம்ப்யூட்டர் சேராது, நின்டெண்டோ ஸ்விட்சும் சேராது. மைக்ரோசாஃப்டின் கட்சி: எல்லாம் சேரும், நாங்கள் அதில் ஒரு மூலையில் இருக்கிறோம். பெருநிறுவனங்களுக்கு அடக்கம் வருவது கூண்டில் ஏறும்போதுதான்.

பொருளியல் அறிஞரிடம் இதற்கொரு சோதனை உண்டு. ஒரு கற்பனை ஏகபோகியை வரவழைத்து, விலையை நூற்றுக்கு 5 போல உயர்த்தச் சொல்வார்கள். வாங்குவோர் பக்கத்துக் கடைக்கு ஓடினால் இரண்டு கடையும் ஒரே சந்தை. ஏகபோகி ஏன் கற்பனை? நிஜமானவரைக் கேட்டால் 10 ஏற்றிவிடுவார். 2022 ஆகஸ்டில் சோனி, ஐரோப்பாவில் ப்ளேஸ்டேஷன் 5இன் விலையை ஏறத்தாழ 500 யூரோவிலிருந்து 550 ஆக்கியது. கோபித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் ஓடியவரை அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 எதிர்கொண்டது. விலை 1,599 டாலர். அது கிராஃபிக்ஸ் கார்டு மட்டும்; செருகுவதற்குக் கம்ப்யூட்டர் தனி.

இனி வகைப்பாடு.

வயதால்: பயனில்லை.

பணத்தால்: மேலே கண்டுகொள்க.

முதுகால்: இதுவே தலையாயது. சோபாவில் சரிந்து, கன்ட்ரோலரை வயிற்றின்மேல் தாங்கி, டிவியை நோக்குவோர் சாய்வோர். மேசைமுன் வளைந்து, மவுஸ் பிடித்து, மானிட்டரில் மூக்கு இடிக்க இருப்போர் குனிவோர். டிவிக்கென அமைக்கும் திரையை இத்தொழிலில் ‘பத்தடி இடைமுகம்’ என்பதால், சாய்வோருக்கும் திரைக்கும் பத்தடி என்பது பெறப்படும். நம் வீட்டு ஹாலில் பத்தடி கிடைப்பதில்லை. ஆகவே நம்மிடையே உள்ளோர் அரைச்சாய்வோரே (எதிர்வீட்டுத் தம்பி, வாய்மொழி).

அப்படியானால் கம்ப்யூட்டரை டிவியில் செருகிச் சாய்வோரை எங்கே வைப்பது? வால்வ் நிறுவனம் 2012இலேயே தன் கம்ப்யூட்டர் கேம் கடையான ஸ்டீமில் ‘பிக் பிக்சர்’ என்று ஒரு வழி திறந்து இவர்களைச் சோபாவுக்கு அனுப்பிவிட்டது. ‘முதுகு சோபாவில், மனம் மேசையில்; ஆதலின் குனிவோரே’ என்பர் ஒரு சாரார் (மேற்படி தம்பி, மாடிப்படி, மூன்றாம் படி). ‘கன்சோலை மானிட்டரில் மாட்டிக் குனிபவர் பின் யாராம்?’ என மடக்குவர் மற்றொரு சாரார் (மேற்படி, ஐந்தாம் படி, இரண்டு படி ஏறுவதற்குள் தம்பி கட்சி மாறியதால் இரு சாராரும் ஒருவரே). 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியைப் படுக்கையில் வைத்து ஆடுவோர் கிடப்போர் எனப்படுவர். மல்லாந்து கிடப்பரா ஒருக்களித்தா என்பதில் பாடபேதம் உண்டு (மேற்படி, மொட்டைமாடி, கரண்ட் போனபோது கூறியது, கரண்ட் வந்ததும் மறுத்தார், மறுப்பு தனிப்பிரதியாகக் கைவசம் உள்ளது).

இவர்களை ஒரே களத்தில் விட்டால்? 2020இல் வந்த கால் ஆஃப் டூட்டி வார்ஸோன் விட்டுப் பார்த்தது. கன்ட்ரோலருக்குக் குறிபார்க்கக் கைகொடுக்கும் எய்ம் அசிஸ்ட்டால்தான் தோற்றோம் என்றனர் குனிவோர்; மவுஸின் வேகத்தால்தான் தோற்றோம் என்றனர் சாய்வோர். தன் விரலைக் குறைசொன்ன ஒருவர்கூடச் சான்றுகளில் அகப்படவில்லை.

அறிஞர் உலகமும் இதற்குச் சளைத்ததன்று. இருபதாண்டுக்கு முன் கேம் என்பது கதையா ஆட்டமா என்று விளையாட்டாய்வாளர் இரு அணியாக மோதினர். பிறகு, அப்படியொரு மோதல் நடக்கவேயில்லை என்றும் ஆய்வுக் கட்டுரை வந்தது. நடந்ததற்கும் நடக்காததற்கும் சேர்த்து மேற்கோள் எண்ணிக்கை ஏறியது.

என் முடிபு வருமாறு. ஜிடிஏ 5 2013 செப்டம்பரில் பழைய கன்சோல்களுக்கும், 2014 நவம்பரில் புதியவற்றுக்கும், 2015 ஏப்ரலில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. பொறுமையில்லாத ஒருவர் மூன்று தடவை வாங்கினால் விற்பனைக் கணக்கில் அவர் மூவர். சோனியும் காட் ஆஃப் வாரை 2018இல் சாய்வோருக்கும், 2022இல் குனிவோருக்கும் விற்றது. இதற்குப் போட்டி என்று பெயரிட்டவர் கடைத்தெருவைப் பார்த்ததில்லை. இரண்டு கடைக்காரரும் ஒரே ஆளை இழுக்கவில்லை; அவர் எந்தத் தேதியில் எந்தக் கடைக்கு வரவேண்டும் என்று முறைவைக்கிறார்கள்.

நீதிமன்றம் ஜூலையில் கமிஷனின் தடைக் கோரிக்கையைத் தள்ளியது. அக்டோபரில் விற்பனை முடிந்தது. 2025இல் மைக்ரோசாஃப்டே தன் ஃபோர்சா ஹொரைஸன் 5ஐ ப்ளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. எதிர்த்தரப்பு வாதத்தையும் பதிவுசெய்யவேண்டி, கன்சோலும் கம்ப்யூட்டரும் ஒரே ஆளைக் குறிவைப்பவையா எனத் தம்பியின் தந்தையிடம் வினவினேன். “ஆமா சார், என்னைத்தான்” என்றார் (மேற்படி தந்தை, கேட்டருகே, கதவைச் சாத்தியவாறு).