துண்டை எறிஞ்சவனுக்கு ஏழு மோதிரம்

வா பேராண்டி, உட்காரு. அமெரிக்காவுல ராத்திரி பேஸ்கட்பால் ஆட்டம் முடியற நேரம் நமக்குப் பல்லு வெளக்குற நேரம். அதனால உன் கவலை எல்லாம் நேரா என் வேப்பங்குச்சி மேலதான் வந்து விழுது. இன்னிக்கு என்னவாம்? உன் டீம் பெஞ்சுல ஃபார்வர்டு ரெண்டு பேரு இருக்கான். சம்பளக் கணக்குப்படி ஒருத்தனைத்தான் வெச்சுக்க முடியும். எவனை வெக்க, எவனை அனுப்ப? இத்தனைக்கும் அந்த டீம்காரன் யாரும் உன்கிட்ட யோசனை கேக்கல. கேக்காத இடத்துல யோசனை சொல்றது நம்ம குடும்பத்துக்குப் பழக்கந்தான், சொல்லு.

ஒருத்தன் கடைசி ஒரு மாசமா அடிச்சுத் தள்ளுறானா? சரி. இன்னொருத்தன் போட்டதெல்லாம் வெளியே போகுதா? அப்போ ரொம்ப சுலபம். நல்லா போடறவனை வெச்சுக்கிட்டு மத்தவனைப் பெட்டி கட்டச் சொல்லு. பெரிய பெரிய மேனேஜருங்க அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ராபர்ட் ஹோரின்னு ஒருத்தனை நாலு தடவை அப்படித்தான் தள்ளி விட்டாங்க. கேளு.

அலபாமா காலேஜ்ல ஆடிட்டு வந்தவன். ஏழடிக்குக் கொஞ்சம் கம்மி. 1992ல புது ஆளுங்களைப் பொறுக்கறப்ப ஹூஸ்டன் ராக்கெட்ஸ் இவனை 11வது ஆளா எடுத்துச்சு. 1994 பிப்ரவரியில அவங்களுக்கு ஞானம் பொறந்துது. இவனை டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்குத் தள்ளிட்டு, நல்லா பாயிண்ட் எடுக்கற ஷான் எலியட்டை வாங்கலாம்னு பேசி முடிச்சாச்சு. எலியட்டை டாக்டர்கிட்ட காட்டினாங்க. சிறுநீரகத்துல கோளாறு. பேரம் ரத்து. வித்த ஆளு திரும்பி வந்து நின்னான். அந்த ஜூன்ல ஹூஸ்டனுக்குக் கோப்பை. அடுத்த வருஷமும் கோப்பை. இதுல யாரோட புத்திசாலித்தனம் இருக்குங்கறே? டாக்டர் எழுதின சீட்டைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியல.

அதோட விட்டாங்களா? 1996ல சார்லஸ் பார்க்லி வேணும்னு ஹோரியையும் இன்னும் மூணு பேரையும் ஃபீனிக்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தாங்க. பார்க்லி பெரிய ஆளுதான், நான் இல்லேங்கல. ஆனா அவன் இருந்த வரைக்கும் அந்தப் பக்கம் கோப்பை எட்டிப் பார்க்கல.

ஃபீனிக்ஸ்ல நடந்ததுதான் கூத்து. நம்ம பக்கம் பெரிய மனுஷனைக் கண்டா தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும். இவன் துண்டு கோச் டேனி ஐன்ஜ் மூஞ்சிக்கே போச்சு. எறிஞ்சான்டா! 1997 ஜனவரியிலேயே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பிட்டாங்க. நீயா இருந்தா 'ஆளு கேரக்டர் சரியில்ல'ன்னு ஒரே வரியில எழுதி மூடியிருப்பே. லேக்கர்ஸ் சேர்த்துக்கிச்சு. 2000, 2001, 2002னு வரிசையா மூணு கோப்பை. துண்டு எறியறவனெல்லாம் ஹோரி ஆயிடுவான்னு நான் சொல்லல. அப்படின்னா நம்ம பஞ்சாயத்துலயே ஒரு டீம் தேறும்.

2002 மே 26, சாக்ரமென்டோவோட ஆட்டம். நீதான் போன்ல போட்டுக் காட்டினே, ஞாபகம் இருக்கா? லேக்கர்ஸ் 2 பாயிண்ட் பின்னாடி. லேக்கர்ஸ் ஆளு கோபி போட்டான், போகல. அவன் கூட்டாளி ஷாக் எடுத்துப் போட்டான், அதுவும் போகல. கூடைக்கு அடியில ஒரே தள்ளுமுள்ளு. நேரம் முடியட்டும்னு சாக்ரமென்டோ ஆளு டிவாச் பந்தைத் தட்டி வெளியே விட்டான். அது நேரா ஹோரி கைக்கு வந்துது. எடுத்தான், போட்டான், மூணு பாயிண்ட். 100க்கு 99. டிவாச் அதிர்ஷ்டம்னான். இருக்கட்டும். ஆனா எல்லாரும் கூடைக்கு அடியில முட்டி மோதறப்ப இவன் மட்டும் ஏன் கோட்டுக்கு வெளியே நின்னான்? அதை எந்த ஸ்கோர் ஷீட்டுலயாவது எழுதியிருக்கானா, தேடிப் பாரு.

அடுத்த வருஷம் பிளே ஆஃப்ல 38 தடவை மூணு பாயிண்டுக்குப் போட்டான். உள்ளே போனது 2. ஆமாண்டா, ரெண்டே ரெண்டு. நீ இப்ப மூக்கைச் சுளிக்கிற மாதிரிதான் லேக்கர்ஸும் சுளிச்சுது. ஒப்பந்தத்தை நீட்டாம வழியனுப்பிட்டு, கேரி பேட்டனையும் 40 வயசைத் தொட்ட கார்ல் மலோனையும் கூட்டியாந்தாங்க. பேரைக் கேட்டாலே எதிராளி நடுங்கணும். 2004 ஃபைனல்ல டெட்ராய்ட் நடுங்கவே இல்ல. 4க்கு 1ன்னு முடிச்சு அனுப்புச்சு.

வெளியே போனவனை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் எடுத்துக்கிச்சு. 2005 ஃபைனல் அஞ்சாவது ஆட்டம், எதிரே அதே டெட்ராய்ட். 1994ல இவனை வாங்கக் கை நீட்டின டெட்ராய்ட். மூணாவது குவார்ட்டர் முடியப்போற வரைக்கும் ஹோரி ஒரு பாயிண்ட்கூட எடுக்கல. ஓவர்டைம்ல 2 பாயிண்ட் பின்னாடி இருக்கறப்ப இவனே பந்தை உள்ளே கொடுத்தான். பந்தை வாங்கின கூட்டாளி ஜினோபிலியை மடக்க டெட்ராய்ட் ஆளு ரஷீத் வாலஸ் இவனை விட்டுட்டு ஓடினான். பந்து இவன்கிட்டயே திரும்புச்சு. 6 விநாடிக்கும் கம்மியா மிச்சம். போட்டான். 96க்கு 95. ஆட்டம் முடிஞ்சு பார்த்தா இவன் கணக்குல 21. அந்த வருஷம் கோப்பை, 2007லயும் கோப்பை. ஆக கோப்பைக்கு ஒண்ணுன்னு ஏழு மோதிரம், மைக்கேல் ஜோர்டனைவிட ஒண்ணு கூட. மொத்த வாழ்க்கைக்கும் ஆட்டத்துக்கு சராசரி 7 பாயிண்ட். ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு தடவைகூட யாரும் கூப்பிடல.

இப்ப உன் ரெண்டு பேருக்கு வருவோம். மாட்டுச் சந்தையில தரகன் ஓட்டிக் காட்டறப்ப எந்த மாடும் துள்ளத்தான் செய்யும். வாங்க வந்தவன் அது கட்டுத்தறியில எப்படி நிக்குதுன்னு பார்ப்பான். உன் ஆளு அடிச்சுத் தள்ளினான்னியே, அது எந்த ஆட்டம்? 20 பாயிண்ட் பின்தங்கி, ஜனம் வண்டி எடுக்கப் போனதுக்கு அப்புறந்தானே? இன்னொருத்தன் வந்ததும் மத்த நாலு பேரும் கொஞ்சம் லேசா மூச்சு விடறாங்களே, அதைப் பார்த்தியா? கோச் 10 நிமிஷம் கொடுத்தாலும் 25 நிமிஷம் கொடுத்தாலும் அவன் மூஞ்சி ஒரே மாதிரி இருக்கு. ரீபவுண்டுக்கு எதிராளியை முதுகால தள்ளி நிறுத்தறான், பந்தை எடுத்துட்டுப் போறது வேற ஒருத்தன். நீ அவன் கணக்குல சைபர் போட்டு வெச்சிருக்கே.

ரெண்டாமத்தவனை வெச்சுக்கோ. மொத ஆளை இந்த வாரமே வித்துரு, இப்ப விலை நல்லா இருக்கு. ஆனா வாங்கறவன் டாக்டர்கிட்ட காட்டி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே.