அயிரைக்குச் சில யோசனைகள்

அயிரை மீனே, உன்மேல் எங்களுக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டினாலும் வாங்குகிறோம். உயிரோடு பாலில் விட்டு, வயிற்றில் மிச்சமிருக்கும் மண்ணையும் கக்க வைக்கிறோம். கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசி, புளிக்குழம்பு வைத்து, மறுநாள் இட்லிக்கும் எடுத்து வைக்கிறோம். உயிரோடு இருக்கும்போது யாரும் கவனிக்கவில்லையே என்று கேட்காதே. இந்த விருதுநகர் வட்டாரத்தில் மனுஷனுக்கே அந்த வழக்கம் கிடையாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 30 பேருக்கு மேல் கருகிய பிறகுதான் வரிசையாகக் கார்கள் வந்து நின்றன.

ஆகவே பிழைக்க வழி சொல்கிறேன், கேள்.

முதலில், பிறப்பை மாற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்கு 1988-ல் சரணாலயம் கிடைத்தது. 2021-ல் அதே மலை மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அணிலுக்கு வால் உண்டு, புலிக்கு மீசை உண்டு; சிவகாசி காலண்டரில் அச்சடிக்கத் தோதான முகங்கள். உனக்கு என்ன இருக்கிறது? விரல் நீளம், மண் நிறம். மலையடிவாரத்தோடு காப்பகம் முடிந்துவிடும். அதற்குக் கீழே கண்மாய்கள்; அங்கே மீன் பிடிக்கும் உரிமைக்கு மீன்பாசி ஏலம்.

அடுத்து, வீட்டை மாற்று. அடியில் மணலும் வண்டலும் வேண்டும், புதைந்துகொள்ள வேண்டும் என்கிறாய். அதே மணல் எங்களுக்கும் பிடித்துப்போயிற்று. வண்டல் அள்ளச் சீட்டு விவசாயி பேரில். லோடு போய் இறங்குவது செங்கல் சூளையில். 2017-ல் கண்மாய்களைத் தூர் வாரக் குடிமராமத்து என்று பொக்லைன் இறங்கியது. கரையில் நட்ட போர்டில் வேலையின் பேர், மதிப்பீட்டுத் தொகை எல்லாம் எழுதினார்கள். அந்த மண்ணுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்க ஒரு வரி ஒதுக்கவில்லை.

தண்ணீரைப் பற்றியும் முனகாதே. விருதுநகர்ச் சாக்கடை கௌசிகா ஆற்றில் இறங்கி குல்லூர்சந்தை நீர்த்தேக்கம் வரை போகிறது. அதிலும் ஜிலேபி மீன் தாக்குப்பிடிக்கும். நீயும் பழகிக்கொள்.

பேரையும் மாற்றிக்கொள். மீன்வளர்ப்புப் பாடத்தில் உன் இனத்துக்கு 'களை மீன்' என்று பேர். கட்லா, ரோகு குஞ்சு விடுமுன் இலுப்பைப் பிண்ணாக்கு போட்டு உங்களைக் கொன்றுவிட வேண்டுமாம். கொன்றது போக மிச்சத்துக்குத்தான் சந்தையில் ஆயிரம் ரூபாய்!

இதெல்லாம் முடியாதென்றால் ஐரோப்பாவுக்குப் போ. அங்கே லாம்ப்ரே என்று ஒரு ஜந்து. தாடை கிடையாது, விலாங்கு மாதிரி உடம்பு, வட்ட வாய். உன்னைவிட அழகு குறைவு. குஞ்சுப் பருவத்தில் கண் தெரியாமல் வண்டலுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். வளர்ந்ததும் முட்டையிடக் கூழாங்கல் தேடி ஆற்றில் ஏறும். அதற்காக 1992-ல் ஐரோப்பிய வாழிடச் சட்டத்தில் இடம் கொடுத்தார்கள். பிரிட்டனில் தூர் வாருமுன் வண்டலைச் சலித்துக் குஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. மீனைக் காப்பதென்றால் அது படுக்கும் சேற்றையும், அது ஏறும் பாதையையும் காப்பதென்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

இங்கே உனக்கு வாய்த்தது உலகச் சிவப்புப் பட்டியலில் 'கவலை குறைந்த இனம்' என்ற இடம். அந்தச் சான்றிதழை வற்றிய கண்மாயில் விரித்துப் படுத்துக்கொள்.

மீனுக்குச் சொன்னது போதும். கண்மாய்க் கோப்புகளைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளே, தூர் வாரும்போது கண்மாயில் ஒரு பகுதியைத் தொடாமல் விட எந்த நிபுணர் வர வேண்டும்? குத்தகைதாரர் மீன் பிடிக்க மடையைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடிக்கக் கூடாதென்று குத்தகை நிபந்தனையில் எழுதி, அதை மதிக்க வைக்க எத்தனை கோடி ஆகும்? சாக்கடையைச் சுத்திகரித்து ஆற்றில் விடுவது நகராட்சியின் கடமை என்பதை இன்னும் எந்தக் கோர்ட் சொல்ல வேண்டும்? எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறீர்கள். களையெடுக்க வேண்டியது கண்மாய்க்குள் அல்ல, கரைமேல்.