வெளிவராத பாட்டே இனிது

பீட்டில்ஸ் குழு 1967 ஜனவரியில் பதிந்த ‘கார்னிவல் ஒஃப் லைட்’ கிட்டத்தட்ட 14 நிமிடம் ஓடுமாம். இன்னும் வெளிவரவில்லை. என்ன கட்டுப்பாடு! வெளிவராத பாட்டில் அபசுரமே கிடையாது. 1996இல் ‘அந்தோலொஜி 2’ தொகுப்பில் சேர்க்கக் குழுவின் மக்கார்ட்னி ஆசைப்பட்டார்; சக உறுப்பினர் ஹாரிசன் மறுத்து, ரசிகர்களின் ஏக்கத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

பதுளை ரசிகர் ஒருவருக்கு மட்டும் பொறுமையில்லை. பசறைப் பக்கம் லயத்துப் பெரியவர் ஒருவரிடம் டியூஷனுக்கு அனுப்பினோம்.

“இதெல்லாம் ஒரு காத்திருப்பா தம்பி?” என்று தொடங்கினார் அவர். 1948இல் மலையகத் தமிழருக்குப் பறிபோன பிரஜாவுரிமைக்கு, மிச்சமிருந்தவர்களையும் சேர்த்துச் சட்டம் வர 2003 ஆனது. 2015இல் தோட்டத் தொழிலாளர் கேட்ட 1000 ரூபா நாட்சம்பளம் 2021இல் ரிலீஸ். அசல் 900, கொடுப்பனவு 100. அருமையான ரீமிக்ஸ்! வெளிவந்த கையோடு விலைவாசி அதைப் பழைய பாட்டாக்கிவிட்டது. காணி உறுதியோ பலருக்கு இன்னும் ஸ்டூடியோவில்தான். தேர்தலுக்குத் தேர்தல் டிரெயிலர் மட்டும் தவறுவதில்லை.

தேறிவிட்டார் ரசிகர். மக்கார்ட்னிக்குக் கடிதமும் போட்டுவிட்டார்: “ஐயா, பாட்டை வெளியிட வேண்டாம். வெளியிடுவதாக மே தினத்துக்கு மே தினம் மேடையேறிச் சொன்னால் போதும். மாலைச் செலவு எங்களுடையது.”