ரிச்சி தெருவில் கிடைக்காத 25 ஓம்

அனுப்புநர்: ஆம்பிளிஃபயர் பழுது பார்ப்பவன், புதுவாயல் கூட்டுச்சாலை.

பெறுநர்: பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்கள்.

பொருள்: நான்கு எழுத்துக்கோவைகளை மனப்பாடம் செய்வித்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

தாங்கள் தயாரித்து அனுப்பிய பட்டதாரித் தம்பி ஒருவர், சிப்காட்டில் வேலை கிடைக்கும்வரை என் கடையில் உட்கார்ந்திருக்கிறார். தங்கமான பிள்ளை. டிரான்சிஸ்டர் கணக்கின் எச்ஐஇ, எச்ஆர்இ, எச்எஃப்இ, எச்ஓஇ நான்கையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்.

ஆடி ஞாயிறு ஒன்றில், பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகும் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டிருந்த நேரம், மைக் செட்காரர் ஒருவர் பழைய ஆம்பிளிஃபயரை மேசைமேல் இறக்கினார். “இன்னாண்ணா, வால்யூமை முழுசா வச்சாலும் சவுண்டு ஏற மாட்டேங்குது.”

தம்பி மீட்டரை எடுத்தார். சப்ளை 12 வோல்ட். கலெக்டரில் 7.3, பேஸில் 1.65, எமிட்டரில் 1. கலெக்டர் ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம், எமிட்டர் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம், ஓடுவது 1 மில்லியாம்பியர். “எல்லாம் கரெக்ட்டுண்ணே, பழுதே இல்லை.” தங்கள் தேர்வில் இதற்கு முழு மதிப்பெண். அம்மனுக்குத்தான் பாட்டுக் கேட்கவில்லை.

எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே கிடந்த கண்டென்சர்மேல் புதிதாக ஒரு 100 மைக்ரோபாரடை வைத்துப் பிடித்தேன். “அலோ, மைக் டெஸ்டிங்” என்றதும் எதிர் டீக்கடையில் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பி இரண்டு பக்கச் சமன்பாட்டுக்குப் பேனா திறந்தார். தண்ணீர் லாரிக் குழாயைக் காட்டினேன். முதல் முக்கால் சுற்றுக்கு ஒரு சொட்டு வராது. அதற்கப்புறம் துளி திருப்பினால் குடம் வழியும். டிரான்சிஸ்டரும் அப்படித்தான். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 650 மில்லிவோல்ட் கொடுத்து 1 மில்லியாம்பியர் வாங்குகிறோம். வகுத்தால் 650 ஓம். அது பழைய பாக்கி. பாட்டு கேட்பது வேறு: இன்னும் 1 மில்லிவோல்ட் தந்தால் எவ்வளவு கூடும்? அந்த 1 மில்லியாம்பியரில் 25-இல் ஒரு பங்கு கூடும். ஆக, சிக்னலுக்குத் தெரிகிற மின்தடை வெறும் 25 ஓம். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் அதுவும் பாதியாகும். ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் முழுக்க அலைந்தாலும் அந்த ரெசிஸ்டர் கிடைக்காது. அதற்கு வண்ணக் கோடும் கிடையாது.

கண்டென்சர் உயிரோடிருந்தால் 4700-ஐ 25-ஆல் வகுக்கலாம், பெருக்கம் 188. காய்ந்துவிட்டால் 1 கிலோ ஓமும் வழியில் வந்து நிற்கும். 4700-ஐ 1025-ஆல் வகுத்தால் நாலரை சொச்சம். அடுத்த கட்டத்தின் சுமை இரண்டையும் குறைக்கும் என்பது உண்மைதான். மீட்டரோ இரண்டு நிலையிலும் அதே வோல்ட்டைக் காட்டும்.

அந்த 25 ஓமை 1 மில்லியாம்பியரால் பெருக்கினால் வரும் 25 மில்லிவோல்ட்டும் 17 டிகிரிக் கணக்கு, தங்கள் ஏ.சி. அறைக்குப் பொருந்தும். என் தகரக் கூரையடியில், 40 டிகிரியில், அது 27.

எந்த வாசலில் நின்று பார்க்கிறோம் என்பதும் உண்டு. எமிட்டருக்குப் போகும் நூறு ரூபாயில் பேஸ் தருவது ஏறக்குறைய ஒரு ரூபாய்; மீதி கலெக்டர் கணக்கு. ஒரு ரூபாயோடு தப்பிக்கிறவருக்கு எமிட்டரிலிருக்கும் மின்தடை நூறு மடங்காகத் தெரியும். எமிட்டர் வாசலிலிருந்து மேலே பார்த்தால், பேஸில் இருப்பது நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். மின்தடையை மனத்தில் வைத்துத்தான் 1948-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் பியர்ஸ் டிரான்சிஸ்டர் என்று பெயரே வைத்தார். தாங்கள் பெயரை மட்டும் பாடத்தில் வைத்துக்கொண்டீர்கள்.

ஆகவே, “25 ஓம் எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்கும் மாணவருக்கு, ஒழுங்கைக் குலைத்ததற்காக இரண்டு மதிப்பெண் கழிக்கும்படியும், ஆடி மாதத்தில் கண்டென்சர்கள் காய்வதைத் தடைசெய்து சுற்றறிக்கை விடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பழுது பார்ப்பவன்.

இணைப்பு: காய்ந்த கண்டென்சர் – 1. (வோல்ட் சரியாகத்தான் காட்டும்.)